மதிப்பெண் பதினாறு: பராமரிப்பவரின் பாரத்தை அளக்கும் வினாநிரலைத் தமிழில் சோதித்தபோது நடந்தது

(இதில் வருகிறவரின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அடையாளம் தெரியாமலிருக்க வயது, உறவு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

பின்னணி

எங்கள் மருத்துவமனையில் மறதி நோய்க்கென்று வாரத்தில் ஒரு நாள் தனி ஓ.பி. நடக்கிறது. வருகிற பெரியவர்களைச் சோதிக்க எங்களிடம் கத்தை கத்தையாகத் தாள்கள் உண்டு. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு, இப்படி. அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிற மகளிடமோ மருமகளிடமோ கேட்க ஒரு தாளும் கிடையாது. "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்பார். "இருக்கோம் சார்" என்பார்கள். அதோடு சரி.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஜாரிட் வினாநிரலை எடுத்தோம். அமெரிக்காவில் ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடன் இருந்தவர்களும் 1980-ல் வெளியிட்டது. முதலில் 29 கேள்விகளாக இருந்து பிறகு 22 ஆனது. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 4. ஆக மொத்தம் 88. வழக்கத்தில் 20 வரை வந்தால் பாரம் இல்லை அல்லது மிகக் குறைவு, 41-ஐத் தொட்டால் கவலைப்பட வேண்டிய நிலை, 61-லிருந்து கடுமை என்று படிப்பார்கள்.

உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்கி, மொழிபெயர்ப்பை முறைப்படியே செய்தோம். நானும் இன்னொருவரும் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்த்திராத ஓர் ஆங்கிலப் பேராசிரியை அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 1970-ல் உளவியலாளர் பிரிஸ்லின் இதைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து உலகெங்கும் நடக்கிற வழிதான் இது. திரும்பி வந்த ஆங்கிலத்தை மூலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போனது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இதுதான் முதல் பிசகு என்று அன்றைக்குத் தெரியாது.

அடுத்த கட்டம் முன்சோதனை. முப்பது நாற்பது பேரிடம் கேட்டுப் பார்த்து, கேள்வி புரிகிறதா, எப்படிப் புரிகிறது என்று விசாரிக்க வேண்டும். இங்கே எழுதுவது அதில் நான்காவதாக வந்தவரைப் பற்றி.

முதல் சந்திப்பு

நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவருக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. இவர் வீட்டிலேயே தார் சுற்றுகிறார், தறிக்கான நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. மாமியாருக்கு எழுபத்தைந்துக்கு மேல். மறதி தொடங்கி நாலு வருடம். சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகோணும்" என்று கிளம்பிவிடுவார். இருப்பதே அவர் வீடுதான்.

அன்றைக்கு மாமியாரோடு நாத்தனாரும் வந்திருந்தார். ஓ.பி. நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. எங்கள் குழுவில் சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர் கேள்விகளை வாசித்தார். நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நாத்தனார் உள்ளேயே இருந்தார். வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மின்விசிறி அந்த அறையில்தான் ஓடியது, இரண்டு நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார்.

முதல் கேள்வி: "உங்கள் உறவினர் தமக்குத் தேவையானதைவிட அதிக உதவி கேட்கிறார் என்று உணர்கிறீர்களா?"

கொஞ்சம் யோசித்தார். "எங்க சின்ன மாமனார் பையன் ஒருத்தரு கேட்டாருங்க மேடம், தீவாளிக்கு முன்னால. அதுக்கப்புறம் கேக்கல."

மாணவி 'எப்போதாவது' என்ற கட்டத்தில் டிக் செய்தார். மதிப்பெண் 1.

நான் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. முன்சோதனையில் குறுக்கிடக் கூடாது, கடைசியில்தான் விசாரிக்க வேண்டும் என்பது நாங்களே எழுதி வைத்த விதி.

அதன் பிறகு எல்லாவற்றுக்கும் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க". கோபம் வருகிறதா? இல்லை. கூச்சமாக இருக்கிறதா? இல்லை. உடம்பு கெட்டிருக்கிறதா? இல்லை. நான்கு கேள்விகளுக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். உங்களை நம்பித்தான் இருக்கிறாரா? எப்பவும். உங்களைத் தவிர வேறு யாருமே இல்லாதது போல உங்களையே எதிர்பார்க்கிறாரா? "ஆமாங்க, எங்கையில தவிர யாரு குடுத்தாலும் ஒரு வாய் திங்கமாட்டாங்க." சொல்லும்போது முகத்தில் சிரிப்பு. இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா? கண்டிப்பாக. இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியுமா? பார்க்கணும்ல.

பதினெட்டாவது கேள்வி, பராமரிப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம் என்று விரும்பியதுண்டா என்பது. அவர் நாத்தனாரைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தார். "ஐயோ, அப்படியெல்லாம் நெனைக்கவே கூடாதுங்க" என்றார். நாத்தனார் தலையசைத்தார்.

மொத்தம் 16. அதில் 15, மேலே சொன்ன நான்கு கேள்விகளிலிருந்து வந்தது. மீதி ஒன்று, தீபாவளிக் கடன். தாளின்படி இவருக்குப் பாரமே இல்லை.

கேள்வி முடிந்த பிறகு கேட்டது

திட்டப்படி, முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியையும் "இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று விசாரித்தோம். அதற்குள் மாமியாரை ஈ.சி.ஜி. எடுக்கக் கூப்பிட்டார்கள், நாத்தனார் கூடப் போய்விட்டார். அந்த இருபது நிமிடம் எங்கள் ஆறு மாத வேலையைத் திருப்பிப் போட்டது.

'உறவினர்' என்றால் அவருக்குச் சொந்தக்காரர்கள். விசேஷத்துக்கு வந்து போகிறவர்கள். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிடுகிற அத்தை எப்படி உறவினர் ஆவார்? இருபத்திரண்டு கேள்விகளில் முக்கால்வாசியில் இந்தச் சொல் இருக்கிறது. சில இடத்தில் அத்தையை நினைத்தும், சில இடத்தில் வேறு யாரையோ நினைத்தும் பதில் சொல்லியிருக்கிறார்.

பதினோராவது கேள்வியில், வேண்டிய அளவு 'தனிமை' கிடைப்பதில்லையா என்று கேட்டிருந்தோம். அவர் எங்களைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். "இப்பவே தனியாத்தானுங்க கெடக்கறேன். இன்னும் தனிமை வேற வேணுமான்னா என்ன சொல்றது?" நாங்கள் கேட்க நினைத்தது யாருடைய கண்ணும் காதும் படாமல் இருக்கிற இடத்தை. அவர் காதில் விழுந்தது பேச்சுத்துணை இல்லாத நிலை. கேள்வி தலைகீழாகிவிட்டது. அவர் சொன்ன 'இல்லை' எதற்கு 'இல்லை' என்றே தெரியவில்லை.

பன்னிரண்டாவது இன்னும் மோசம். 'உங்கள் சமூக வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா?' அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க சமூகத்துல எல்லாருமே வயசானவங்கள நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றார். எங்கள் பக்கத்தில் 'சமூகம்' என்றால் சாதி. கல்யாண மண்டபத்துப் பெயர்ப்பலகையில் இருக்கிற சமூகம். மறதி நோய்க்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம், எதற்குக் கேட்கிறார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார்.

நண்பர்களை வீட்டுக்கு அழைக்கச் சங்கடமாக இருக்கிறதா என்ற பதின்மூன்றாவது கேள்விக்கு, "கல்யாணத்துக்கப்புறம் ஃபிரண்டு ஏதுங்க" என்று சிரித்துவிட்டார். கடைசிக் கேள்வியில் 'சுமை' என்று எழுதியிருந்தோம். "அத்தையப் போயிச் சுமைன்னு சொன்னா வெளங்குமா?"

பேராசிரியையின் மொழிபெயர்ப்பில் இதில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்காது. 'சமூக வாழ்க்கை' என்று படித்ததும் ஆங்கிலம் படித்த தமிழருக்கு 'சோஷியல் லைஃப்' என்றுதான் காதில் விழும். தமிழ்ச் சொல்லுக்கு அடியில் இருக்கிற ஆங்கிலத்தை அவர் அப்படியே தோண்டி எடுத்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பு எவ்வளவு ஆங்கிலத்தனமாக இருக்கிறதோ, திரும்பப் பெயர்ப்பது அவ்வளவு சுத்தமாக வரும். அதைத்தான் நாங்கள் தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

புள்ளிவிவரமும் காட்டிக்கொடுத்திருக்காது. வினாநிரல் என்றாலே கிரோன்பாக் ஆல்ஃபா எவ்வளவு என்று கேட்பார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அது சொல்லும். கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பவர் ஒரு பக்கம், மனம்விட்டு எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்பவர் ஒரு பக்கம் என்று ஆட்கள் சேர்ந்தால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். கேள்வி சரியான விஷயத்தைத்தான் கேட்கிறதா என்பது வேறு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கே முன்சோதனையை நிறுத்தினோம். முதல் மூன்று பேரின் தாள்களை எடுத்துப் பார்த்தால், விசாரணைப் பகுதியில் 'புரிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறோம், "புரிஞ்சுது" என்றிருக்கிறார்கள். மருத்துவமனையில் வேறென்ன சொல்வார்கள்?

'உறவினர்' சுலபமாகத் தீர்ந்தது. அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டோம். அத்தை, அப்பா, வீட்டுக்காரர் என்று பதில் சொல்பவர் எப்படிக் கூப்பிடுகிறாரோ அதையே சொல்லி வாசிக்க வேண்டும். 'சமூக வாழ்க்கை' போய், 'கோயில், கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு என்று நாலு இடத்துக்குப் போய்வருவது' வந்தது. 'நண்பர்களை அழைக்க' என்பது 'வீட்டுக்கு யாராவது வந்தால்' ஆனது. 'சுமை' என்ற பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு, 'பார்த்துக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது' என்று வைத்தோம். பாரம் வேலையின் மேல் விழட்டும், ஆளின் மேல் விழ வேண்டாம். மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது, நாங்கள்தான் சுருக்கிக் கெடுத்திருந்தோம்.

'தனிமை'க்கு மாற்றுத் தேட ஒரு மதியம் போயிற்று. 'அந்தரங்கம்' என்றால் பெண்கள் முகம் சிவக்கிறது. 'ப்ரைவசி' டவுனில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சரி. 'உங்களுக்கென்று நேரம்' என்றால் இரண்டாவது கேள்வியோடு மோதுகிறது. எங்கள் மனநல மருத்துவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், அத்தைக்கு நோய் வருவதற்கு முன்னால் மட்டும் இவருக்கு அப்படி ஓர் இடம் இருந்ததா? இல்லாத ஒன்று எப்படிக் குறையும்? அப்படியானால் 0 என்பதே சரியான பதிலாக இருக்கலாம் என்றார். கேள்வியை எடுத்துவிடலாமா என்றுகூடப் பேசினோம். எடுத்தால் 88 என்ற கணக்கு கெட்டுவிடும், மற்ற நாட்டு மதிப்பெண்களோடு ஒப்பிட முடியாது, அனுமதியும் அப்படி இல்லை. கடைசியில் 'யாரும் பார்க்காமல், யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் இருக்க ஓர் இடம்' என்று வைத்தோம். எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 'உணர்கிறீர்களா'வில். ஆங்கிலத்தில் பெரும்பாலான கேள்விகள் அப்படித் தொடங்குவதால் நாங்களும் ஒவ்வொன்றையும் அதில் முடித்திருந்தோம். வீட்டில் யாராவது யாரையாவது "களைப்பாக உணர்கிறாயா" என்று கேட்பதுண்டா? வாசிக்கிற மாணவிக்கே நாக்கு மடங்காமல், தாளில் இருப்பதை அவ்வப்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மாணவர் அவர் பங்குக்கு வேறு மாதிரி மாற்றினார். அதாவது தாளில் இருந்தது ஒரு வினாநிரல், வாயில் இருந்தது ஆளுக்கொன்று. அதனால் பேச்சு வடிவத்தையும் நாங்களே எழுதி, எழுத்து வடிவத்துக்குக் கீழேயே அச்சிட்டோம். 'அத்தை பக்கத்துல இருக்கும்போது உங்களுக்குப் படபடப்பா இருக்கா?' என்று அப்படியே வாசிக்க வேண்டும்.

பதில்களிலும் ஒரு சிக்கல். 'எப்போதாவது' பெரிதா 'சில நேரங்களில்' பெரிதா என்று கேட்டால் நமக்கே குழப்பம். ஐந்து டம்ளர் படம் போட்டு, காலியிலிருந்து தளும்பும் வரை தண்ணீரை ஏற்றிக் காட்டினோம். அதைத் தொட்டுக்காட்டச் சிரமமே படவில்லை.

கடைசி முடிவு: இனிமேல் வீட்டில், தனியாக.

வீட்டில்

ஐந்து வாரம் கழித்து அதே பெண்மணியின் வீட்டுக்கு, அவர் சம்மதித்த நேரத்தில், நாங்கள் இரண்டு பேர் போனோம். இரண்டு பேர் போனதற்குக் காரணம் உண்டு. அவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் அத்தையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்கு.

ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கட்டிலில் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "சாப்புட்டியா சாமி?" என்று கேட்டார். கட்டில் சட்டத்தில் ஒரு பழைய நூல்சேலைக் கிழிசல் முடிந்து தொங்கியது. அவர் அதன் நுனியை எடுத்து விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார், தறிக்காரர் வீட்டுக் கை. கிழிசல் எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரி அதன் ஒரு முனை அத்தையின் மணிக்கட்டில், மறுமுனை கீழே பாயில் படுக்கும் மருமகளின் மணிக்கட்டில். அத்தை எழுந்தால் இழுக்கும், இவர் விழித்துக்கொள்வார். ராத்திரிக்கு நாலைந்து தடவை.

வினாநிரலின் 22 கேள்விகளில் தூக்கத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. உடல்நலம் கெட்டிருக்கிறதா என்று மட்டும் பொதுவாகக் கேட்கிறது.

உள்ளே மாணவி வாசித்தார். முதல் நாளில் "மேடம்" என்றவர் பாதியில் "கண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்ததாகவும், தானும் "அக்கா"வுக்கு மாறிவிட்டதாகவும் பிறகு சொன்னார். பதினெட்டாவது கேள்வி வந்ததும் அந்தப் பெண்மணி எழுந்துபோய்த் தார் மெஷினை ஓடவிட்டுவிட்டு வந்து, அந்தச் சத்தத்தில் பதில் சொன்னார். மூன்றாவது டம்ளரைத் தொட்டார்.

மொத்தம் 45.

பின்னால் நடந்தது

மருத்துவரிடம் மதிப்பெண்ணைவிடச் சேலைக் கிழிசலைப் பற்றித்தான் முதலில் சொன்னோம். அத்தையின் மாத்திரை நேரங்களைப் பார்த்து மாற்றினார். பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். கதவில் மணி கட்டி, கையில் கட்டுவதை நிறுத்த ஏற்பாடானது. வாரத்தில் இரண்டு ராத்திரி கணவர் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். நாத்தனார் பத்து நாள் வைத்துக்கொள்கிறேன் என்று கூட்டிப்போய் ஆறாம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார். அந்த ஆறு நாளுக்குப் பிறகு அவர் பேச்சு மாறியதாக மருமகள் சொன்னார், எப்படி என்று விளக்கவில்லை.

அதற்கு முன் நாத்தனார் ஒரு தடவை ஓ.பி.யில் எங்களைப் பிடித்து, "அண்ணி அன்னிக்கு வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி வரும் என்று நாங்கள் முன்பே யோசித்து, மாணவியைத் தயார்படுத்தியிருக்க வேண்டும். அவர் பாவம், அரை நிமிடம் தடுமாறிவிட்டார்.

திருத்திய வடிவத்தோடு முன்சோதனையை முதலிலிருந்து தொடங்கினோம்.

இன்னொரு முறை செய்தால்

16 எப்படி 45 ஆனது என்று கூட்டத்தில் கேட்டார்கள். புது மொழிபெயர்ப்பால் என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியாது. சொற்களை மாற்றினோம், இடத்தை மாற்றினோம், நாத்தனார் இல்லை, டம்ளர் வந்தது, மாணவி பழகியவர் ஆகிவிட்டார், நடுவில் ஐந்து வாரம் போயிருக்கிறது, அத்தையின் நிலையும் அப்படியே இருந்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எதனால் என்று கேட்டால் பதில் கிடையாது. பழைய தாளையே முதலில் வீட்டில், தனியாகக் கேட்டிருந்தால் பாதியாவது தெரிந்திருக்கும். அடுத்து வந்தவர்களிடம் இடத்தையும் தாளையும் பிரித்து வைத்துத்தான் கேட்கிறோம்.

திரும்பப் பெயர்ப்பதை விடவில்லை. ஆனால் அதற்கு முன்னால், ஆங்கிலம் தெரியாத நாலு பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து "இப்ப நான் என்ன கேட்டேன்?" என்று மட்டும் கேட்கிறோம். தாளின் உச்சியில் 'அறையில் வேறு யார் இருந்தார்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். தூக்கத்துக்கு ஒரு கேள்வி, மொத்தத்தில் சேராமல், கடைசியில் தனியாக.

இருபதாவது, இருபத்தொன்றாவது கேள்விகள் இன்னும் இடிக்கின்றன. இன்னும் செய்ய வேண்டும், இன்னும் நன்றாகச் செய்யலாம் என்பவை. குற்ற உணர்வை அளக்க வந்தவை இவை. வேறு நாடுகளிலும் பல ஆய்வுகளில் இந்த இரண்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே பிரிந்து நின்றிருக்கின்றன. எங்களிடம் நல்ல மருமகள், நல்ல மகள் என்று காட்டிக்கொள்கிற பதிலாகவும் வருகிறது. நிஜமான உறுத்தலாகவும் வருகிறது. 4 என்ற எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால் 3, 4 என்று சொன்னவர்களிடம் "எதைச் சொல்றீங்க?" என்று கேட்டு, பதிலை அவர்கள் வார்த்தையிலேயே ஓரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பெண்மணி அடுத்த தடவை ஓ.பி.க்கு வந்தபோது மாணவி அவரிடமும் கேட்டார். "அத்தைக்கு எண்ணெ வெச்சுத் தலை சீவி விடோணும் கண்ணு. முன்னெல்லாம் தெனமும் சீவி விடுவேன். இப்ப வாரத்துக்கு ஒருக்காத்தான் முடியுது." 4-க்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டோம்.